யார் கையில் பணம், யார் பேரில் வீடு: கடலூர் – புதுச்சேரிக் குறிப்புகள்

வியாழன், திருப்பாதிரிப்புலியூர்

தோழி வீட்டில் காதுகுத்து. அதற்காகத்தான் வந்தேன். வந்ததோடு புதுச்சேரி வரை போய்விட்டு வரலாம் என்று திட்டம். பார்த்ததையும் கேட்டதையும் அன்றன்றைக்கு ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

காலையில் மண்டப வாசலில் பேண்டு சத்தம் கேட்டதும் உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். மாமன் சீர் வந்துவிட்டது. பழத்தட்டு, இனிப்புத்தட்டு, பட்டு வேட்டி சட்டை, வெள்ளி அரைஞாண், பித்தளை அண்டா, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காத மூன்று சக்கர சைக்கிள். நடுவில் தாய்மாமன், கழுத்தில் ஆளுயர மாலையோடு. எங்கள் சிவகங்கைப் பக்கமும் இதே கதைதான், கூடுதலாக ஒரு கிடா வரும்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பையன் மாமன் மடியில் உட்கார்ந்தான். ஆசாரி பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு காதைக் குத்திவிட்டார். இரண்டாவது காதுக்குப் பையனை நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அப்பா எங்கே என்று தேடினேன். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு விசேஷம்தான், ஆனால் மேடையில் அவருக்கு வேலை இல்லை.

அக்கா தம்பி பாசத்துக்கு இந்த ஊரில் பழைய சாட்சியே இருக்கிறது. கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய தலம் இது என்பார்கள். அவரை வளர்த்தவர் அக்கா திலகவதியார். நிச்சயித்த மாப்பிள்ளை போரில் இறந்ததும் உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக உயிரோடு இருந்தார் என்பது கதை. தம்பிக்காக அக்கா வாழ்வதும், அக்கா பிள்ளைக்காகத் தம்பி செலவு செய்வதும் நமக்கு விளக்கம் தேவைப்படாத விஷயங்கள்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற வழக்கறிஞர், இரொகுவா பழங்குடிகளின் உறவுமுறைகளைத் திரட்டியவர், உலகம் முழுக்கக் கேள்விப் பட்டியல் அனுப்பினார். தமிழ்நாட்டிலிருந்து போன பதிலைப் பார்த்து அசந்துபோனார். அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பா வரிசை, அம்மாவின் அக்கா தங்கையும் அம்மா வரிசை, அவர்கள் பிள்ளைகள் எல்லாம் கூடப்பிறந்தவர்கள். அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் மட்டும் வேறு கட்சி. இரண்டு கண்டங்களிலும் ஏறத்தாழ ஒரே அமைப்பு. 1871இல் அதை வெளியிட்டார். அதை வைத்து, இரொகுவா மக்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்றே முடிவு கட்டினார்!

அப்புறம் 1949இல் பிரான்சிலிருந்து லூயி துய்மோன் என்ற மானிடவியலாளர் வந்து மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கினார். அவர் சொன்னது எனக்குப் பிடிக்கும். இங்கே கல்யாணம் என்பது இரண்டு பேரோடு முடிகிற காரியம் இல்லை, சொத்து மாதிரி அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிற பந்தம் என்றார். அப்படிப் பார்த்தால் இன்றைக்கு வந்த அண்டாவும் சைக்கிளும் பையனுக்கான பரிசு மட்டும் இல்லை. தோழியின் கல்யாணத்தில் தொடங்கிய கொடுக்கல் வாங்கலின் இன்னொரு தவணை.

இது வரைக்கும் சரி. சாப்பாட்டுக்கு அப்புறம் தோழியின் அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் கவரிங். "வளையலும் ஆரமும் பேங்க்ல இருக்குக்கா. இந்தச் சீர் எப்படி வந்துச்சுன்னு நெனைக்கிற?" என்றாள், சிரித்துக்கொண்டே. மைக்கில் ஒலித்தது மாமன் பேர். பேங்க் அடகில் இருந்தது மாமன் பெண்டாட்டியின் நகை, அதாவது இன்னொரு வீட்டிலிருந்து சீராக வந்த நகை. துய்மோன் வரைந்த படத்தில் இரண்டு ஆண்கள் மச்சான்களாக நிற்பார்கள், ஒரு கோடு அவர்களை இணைக்கும். அந்தக் கோட்டுக்கு யார் கழுத்திலிருந்து எடுத்தது என்பது படத்தில் வராது.

வெள்ளி, கடலூர் முதுநகர்

விடிவதற்கு முன்பே துறைமுகம் போய்விட்டேன். தோழியின் மாமியாருக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கிற அக்காவோடு ஒட்டிக்கொண்டேன்.

படகு அணைந்ததும் ஆண்களின் வேலை ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. பெட்டியை இறக்கித் தரையில் கொட்டுகிறார்கள். அதற்கு மேல் பெண்கள் ராஜ்யம். அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியலுக்கு முன் குந்தினாள். சங்கராவின் செவுளை விரலால் புரட்டிப் பார்த்தாள். ஏலம் கூறுகிறவன் வாயைப் பார்க்கவே இல்லை, எதிரில் நிற்கிற வியாபாரியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு தொகை சொன்னாள், முடிந்தது. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நோட்டு வந்தது. அன்னக்கூடையில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ், மேலே ஈரச் சாக்கு.

ஃபைபர் படகில் வருமானத்தைப் பிரிக்கிற முறையைக் கேட்டேன். டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தில் படகுக்கும் இன்ஜினுக்கும் வலைக்கும் பங்கு, ஏறிப்போன ஆட்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. ஆளின் பங்கு வீட்டுக்கு வந்ததும் மனைவி கைக்குப் போக வேண்டும் என்பது எழுதாத விதி. "குடுக்காதவன் உண்டு. ஆனா மூணு நாள் கடல்ல ஒண்ணும் இல்லன்னா அடுப்பு எரியணும் இல்ல? அப்ப எங்கிட்டதான் வருவான்" என்றாள். தண்டல்காரனுக்குப் பதில் சொல்கிறவளும் இவள்தான், குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவளும் இவள்தான்.

நெல் விளைகிற ஊர்களில் அறுப்புக் கூலியைத் தவிரப் பெண் கையில் காசு புரள்வது குறைவு. இங்கே தினம் புரள்கிறது. கடல் ஆணை வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டு போய்விடுவதால் கரை முழுக்கப் பெண் பொறுப்பு. அப்படியானால் இந்தக் கரையின் மீனவர்களான பட்டினவர் ஊர்களில் பெண் சொல்தான் எடுபடும் என்று நினைக்கத் தோன்றும்.

"ஊர்க் கூட்டத்துல நீங்க உட்காருவீங்களா?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது ஆம்பளைங்க எடம்மா."

ஊர்ப் பஞ்சாயத்து வரி வசூலிப்பது தலைக்கட்டுக் கணக்கில். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கடலில் யார் எந்த வலை போடலாம், எந்த நாளில் போகக்கூடாது, திருவிழாவுக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது அந்தத் தலைக்கட்டுகளின் கூட்டம். மீன் விலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்கிற அக்கா அந்தக் கணக்கில் தலையே இல்லை.

இதன் விலை என்ன என்பது 2004 டிசம்பர் 26இல் தெரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை வந்தபோது கட்டுமரத்திலும் படகிலும் ஆழக்கடலில் இருந்த ஆண்களுக்கு அது அலையாகவே தெரியவில்லை. படகு வரட்டும் என்று அன்னக்கூடையோடு கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள், இடுப்பில் குழந்தை, கட்டியிருந்தது சேலை. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வேலைப் பிரிவினை என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வந்துபோகிற சங்கதிதான் இது.

அதன் பிறகு நிவாரணம் வந்தது. பட்டியல் தலைக்கட்டுக் கணக்கில் போன இடங்களில் கைம்பெண்களும் தனியாக வாழ்ந்த பெண்களும் தங்கள் பேரைச் சேர்க்க மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், அரசு கட்டிக்கொடுத்த வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அக்கா வீட்டுப் பத்திரத்திலும் அவள் பேர் இருக்கிறது. ஆனால் பத்திரம் அவள் மாமனார் பெட்டியில் இருக்கிறது.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாயங்காலம் போனேன். பொரித்த மீன் நன்றாக இருந்தது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

சனி, கொத்தட்டை

சிதம்பரம் சாலையில் சுங்கச்சாவடி வந்த பிறகு கொத்தட்டை என்றால் எல்லாருக்கும் அதுதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலைப் பார்க்க வேண்டும். திருவிழாக் காலம் இல்லை, கோயில் காற்றாடிக் கிடந்தது. கூத்தாண்டவர் என்றாலே கூவாகத்தைத்தான் சொல்கிறோம், ஆனால் இந்தப் பக்கம் அரவானுக்குக் கோயில்கள் பல. களப்பலிக்கு முன் ஒரு நாளாவது மணவாழ்க்கை வேண்டும் என்று அரவான் கேட்டான், பெண் கொடுக்க யாரும் வரவில்லை, கண்ணன் மோகினியாகி மணந்தான். திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாளே அறுத்துக் கைம்பெண் கோலம் பூணுவது அதனால்தான். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அந்த அழுகை போதும். எனக்கு மற்ற நாட்களைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது.

டீக்கடையில் அந்த வழியாக வந்த ஒரு திருநங்கையோடு பேச்சு வாய்த்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், சமையல் வேலைக்குப் போகிறவர். அவருக்கு இரண்டு மகள்கள். வீட்டை விட்டு வந்த பிள்ளைகள், இவர் மகளாக எடுத்துக்கொண்டவர்கள். ஜமாத்தில், அதாவது திருநங்கைகளின் கூட்டமைப்பில், பெரியவர்கள் முன்னால் அது முறைப்படி நடக்கும். அறுவைச் சிகிச்சை முடிந்து நாற்பது நாள் மகளுக்குப் பத்தியச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்வது தாயின் கடமை. மகள் சம்பாதிக்கத் தொடங்கினால் தாய்க்குச் செய்வது மகளின் கடமை. மகளுக்கு மகள் வந்தால் பேத்தி. பிறப்பும் கல்யாணமும் இல்லாமல் எடுத்து நெய்த உறவு, ஆனால் முறை தப்பினால் பஞ்சாயத்து வைக்கிற அளவுக்குக் கறாரானது.

"செத்தா தூக்கிப்போட எம்மவளுங்க இருக்காங்க. பெத்தவங்க வீட்ல எம்பேரு ரேஷன் கார்டுலயே இல்ல" என்றார். பேச்சு ரேஷன் கார்டுக்கு வந்ததும் அவர் குரலில் தெம்பு கூடியது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், திருநங்கை தலைமையில் உள்ள குடும்பம் என்றால் அவரையும் குடும்பத் தலைவியாகவே அரசு கருதுகிறது. தொடங்கியபோது மாதம் 1000 ரூபாய். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், தாசில்தார் அலுவலகத்துக் காகிதத்தில் அவர் ஒரு குடும்பத்தின் தலைவி. இதற்கு முன்பே, 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் மணப்பெண் என்பது திருநங்கையையும் சேர்த்துத்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அதே திட்டத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். ரேஷன் கார்டில் ஆண்தான் குடும்பத் தலைவர் என்றிருந்தால் அவர் மனைவியைத் தலைவியாக எடுத்துக்கொள்கிறார்கள். கார்டின் முதல் பேரைத் தொடாமல் பணத்தை மட்டும் பெண் கணக்குக்கு அனுப்புகிற ஏற்பாடு. கெட்டிக்காரத்தனம் என்று சொல்வதா, தயக்கம் என்று சொல்வதா? இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

ஞாயிறு

மழை. தோழி வீட்டில் மொய் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தார்கள். எழுதியது ஆண்கள். "இவங்க போன வைகாசியில நம்ம பாத்திரத்துக்கு எதுர் பாத்திரம் செய்யல" என்று நோட்டில் இல்லாததை எல்லாம் சமையலறையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது தோழியின் மாமியார். சாயங்காலம் வரை தூங்கினேன்.

திங்கள், புதுச்சேரி

கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பஸ் வந்துவிடுகிறது. முள்ளோடையில் எல்லை தாண்டியதும் முதலில் வருவது சாராயக் கடைகள். வெள்ளிக்கிழமை மீன்கார அக்கா "குடுக்காதவன்" என்று சொன்னவர்களின் காசு வந்து சேருகிற இடம் அனேகமாக இதுதான்.

வைசியாள் வீதியில் நடந்தேன். பழைய தமிழ் வீடுகளைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள், 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்திருக்கிறது. தெருவோடு சேர்ந்த தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம், கடைசியில் சமையல்கட்டும் கொல்லையும். யார் எதுவரை வரலாம் என்பதை வீடே சொல்லிவிடும். வழிப்போக்கனுக்குத் திண்ணை, சம்பந்திக்குக் கூடம், பெண்களுக்குப் பின்கட்டு. மாடிக்கு மட்டும் பிரெஞ்சுக்காரன் ஜன்னல்.

பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. கைம்பெண் மறுமணத்தையும் குழந்தைக் கட்டுப்பாட்டையும் அந்தக் காலத்திலேயே பாடியவர். அவருடைய குடும்ப விளக்கில் நல்ல குடும்பத் தலைவியின் ஒரு நாள் வருகிறது. விடிவதற்கு முன் எழுந்து கோலம் போட்டு, இசை மீட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கணவனுக்குச் சாப்பாடு போட்டு, கடைக் கணக்கும் பார்த்து, மாமனார் மாமியாரைக் கவனித்து... படித்து முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு வலித்தது. பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று உரக்கச் சொன்னவர் வீட்டு வேலையில் பாதியை ஆணுக்குக் கொடுக்க மறந்துவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, எண்பது வருஷம் கழித்து நாமும் அதே பட்டியலோடுதானே ஓடிக்கொண்டிருக்கிறோம், இசையைத் தவிர.

செவ்வாய், புதுச்சேரி

தங்கியிருக்கிற வீட்டம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயர். அப்பா தமிழ், அம்மா தமிழ், தாத்தா பாட்டியும் தமிழ். அந்தப் பெயர் வந்த கதைக்காகவே இங்கே தங்கினேன் என்றும் சொல்லலாம்.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, புதுச்சேரி இந்தியர் விரும்பினால் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம். ஏற்றால் நிரந்தரமாக, சந்ததிக்கும் சேர்த்து. கூடவே ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொள்ள வேண்டும். முன்னணியில் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. காலில் பூட்ஸ் போட்டு நீதிமன்றத்துக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டு 1873இல் வழக்காடியவர். அவர் லாப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். பின்னால் போனவர்களில் அதிகம் பேர் தாழ்த்தப்பட்டோரும் கிறித்தவரும். மேல்சாதி இந்துக்களுக்கு விட்டுப்போக மனம் வரவில்லை, அவர்களுக்கு வழக்கச் சட்டத்தால் ஆதாயம் இருந்தது.

துறந்தபோது என்னென்ன போயிற்று, என்னென்ன வந்தது? நம் ஊரில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது உரிமை. இந்துத் திருமணச் சட்டமும் வழக்கம் இருந்தால் அதை ஒப்புக்கொள்கிறது. பிரெஞ்சுச் சட்டத்திலோ மாமனும் அக்கா மகளும் மணக்கத் தடை, விலக்கு வேண்டுமென்றால் நாட்டின் தலைமைப் பதவியில் இருப்பவரிடம் போக வேண்டும். அத்தை மகன், மாமன் மகளுக்குச் சட்டத்தில் தடையில்லை, சர்ச்சில் தனி அனுமதி வாங்க வேண்டும். காதுகுத்தில் மடி கொடுத்த மாமன் இந்த வீடுகளில் மாப்பிள்ளையாக முடியாது. ஆனாலும் மாமன் சீர் நிற்கவில்லை என்றார் வீட்டம்மா. "எங்க மாமா எனக்குப் பவுன் போட்டுத்தான் புதுநன்மை எடுத்தோம்." புதுநன்மை என்பது சர்ச்சில் முதல் முறை நற்கருணை வாங்குகிற சடங்கு.

சொத்து விஷயம்தான் பெரிது. பிரெஞ்சுச் சட்டத்தில் 1804 முதலே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூரில் இந்து மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை 1989இல்தான் வந்தது, அதுவும் அப்போது கல்யாணமாகாதவளுக்கு மட்டும். 2005இல்தான் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும். ஆகவே இந்தத் தெருப் பெண்கள் நூறு வருஷம் முன்னால் போய்விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே சட்டத்தில்தான், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அச்சடித்திருந்தது. அந்த வரியை 1938இல்தான் எடுத்தார்கள். மகளாக இருக்கும்வரை சமபங்கு, மனைவியானதும் கீழ்ப்படிதல்.

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் இப்படித் துறந்தவர்களுக்கு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்தார்கள். இன்னொரு கூட்டம் பிரெஞ்சுக் குடியுரிமையையே தேர்ந்தது. இந்தோசீனாவில் பட்டாளத்தில் இருந்த சொல்தா (சிப்பாய்) குடும்பங்கள் அதில் நிறைய. அங்கே கல்யாணச் சந்தை தலைகீழ். "பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிற பொண்ணுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாயைத் திறக்க மாட்டாங்க" என்றார் வீட்டம்மா. பெண்ணின் காகிதம் பெண்ணின் நகையை விடக் கனமாகிவிடுகிற ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம்தான் கேட்டேன். "உங்க அப்பா சொத்துல உங்களுக்கும் சமபங்கு வந்துச்சா?"

"வராம? நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்று தருகிற பிரெஞ்சு முறை அதிகாரி) முன்னாடி பிரிச்சாங்க. எம்பங்கைத் தம்பிக்கே எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன்?"

"பங்கை வாங்கிட்டா பொங்கலுக்கு எவன் வந்து வாசல்ல நிப்பான்? நாளைக்கு எனக்கொண்ணுன்னா பொறந்த வீட்டுக் கோடி யாரு எடுத்துட்டு வருவா?"

கடலூர்ப் பத்திர அலுவலகங்களில் விடுதலைப் பத்திரம் என்ற பேரில் அக்கா தங்கைகள் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவதும் இதே கணக்கில்தான். சட்டம் இரண்டு, கொடி இரண்டு, கணக்கு ஒன்று. பங்கா, தாய்வீடா என்ற கேள்வி எந்த மகனிடமும் கேட்கப்படுவதில்லை.

காபி கொண்டுவந்த மகள் வாசலிலேயே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்காளர் வேலை, நாற்பது வயதிருக்கும்.

"நான் எழுதித் தர மாட்டேன்னு அண்ணன்கிட்ட இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

"சொல்லிட்டு என்ன ஆச்சு? ரெண்டு வருஷமா அவன் உன் வீட்டுப் படியேறல."

"ஏற வேணாம். நான் ஏறிப் போறேன். அந்த வீட்லதான் எனக்கும் பாதி இருக்கே."